பழைய 5.25 அங்குல ஃபிளாப்பி டிரைவுக்கு வெளிப்பெட்டி செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பினாங்குத் தீவில் வசிக்கிறேன். அந்தக் காலக் கணினிகளில் கோப்புகளைச் சேமிக்கப் பயன்பட்ட 5.25 அங்குல ஃபிளாப்பி வட்டுகளைப் படிப்பதற்காகப் பழைய டிரைவ் ஒன்றுக்கு வெளிப்பெட்டி செய்து, அதை யூஎஸ்பி வழியாக மடிக்கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். அதைப் பார்த்தவர்களும், தங்கள் வட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். திருப்புளியும் மல்டிமீட்டரும் கையாளத் தெரிந்த எவரும் இந்த வேலையைச் செய்யலாம்.

இத்தனை காலம் கழித்து இந்த வட்டுகளை ஏன் படிக்க வேண்டும்?

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டுமலர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்த பதினொரு வட்டுகளை என்னிடம் கொடுத்தார். மாணவர்கள் எழுதிய கட்டுரைகளும், பள்ளி தொடங்கப்பட்ட காலத்தைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன நினைவுகளும் அவற்றில் இருந்தன. அச்சான பிரதி ஒன்றுகூட அவர் கையில் எஞ்சவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கினார். அதையொட்டிய ஆண்டுகளில் இங்கே கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள், நாடகப் பிரதிகள் பலவும் இப்படிப்பட்ட வட்டுகளோடு நின்றுவிட்டன. நம் ஊர் ஈரத்தில் வட்டின் காந்தப்பூச்சு ஆண்டுக்கு ஆண்டு கெட்டுக்கொண்டே போவதால், இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் கடையில் கிடைக்கிறதே, அது போதாதா?

கடையில் கிடைப்பவை 3.5 அங்குல வட்டுகளுக்கானவை. 5.25 அங்குல வட்டுக்குப் பழைய டிரைவையே தேடி எடுத்து, அதன் 34 முனை இணைப்பை யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் பலகை ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் பயன்படுத்துவது கீர் ஃபிரேசர் வடிவமைத்த கிரீஸ்வீசல் என்னும் திறந்தமூலப் பலகை. இது வட்டிலுள்ள கோப்புகளைத் தேடுவதில்லை. காந்தப்பூச்சில் காந்தத்தின் திசை மாறும் இடங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து அப்படியே பதிவு செய்கிறது. ஆகவே வட்டு எந்தக் கணினியில் எழுதப்பட்டது என்பது முதலில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பதிவை வைத்துக்கொண்டு பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

டிரைவை மேசைமேல் அப்படியே வைத்துப் படிக்கலாமே, பெட்டி எதற்கு?

ஓரிரு வட்டுகளைப் படிக்கலாம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் டிரைவின் மேற்பகுதி திறந்தே கிடக்கும். வட்டைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டின்மேல் தூசி இறங்கும். கேபிளின் எடை பின்னாலிருந்து இணைப்பை இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவின் அடிப்பாகத்தில் மோட்டாரின் சுழலும் தட்டு மூடியில்லாமல் இருக்கிறது. ஒருநாள் ஒரே வட்டு ஒருமுறை ஒழுங்காகவும் மறுமுறை பிழை பிழையாகவும் வந்தது. வட்டைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவைத் தூக்கிப் பார்த்தபோது, மேசையில் கிடந்த கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டையின் நுனி அந்தத் தட்டைத் தொட்டு உரசிக்கொண்டிருந்தது. தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. அன்றைக்கே பெட்டிக்கான அளவை எடுக்கத் தொடங்கினேன்.

எந்த டிரைவைத் தேடுவது?

1.2 மெகாபைட் டிரைவைத் தேடுங்கள். டீயாக் எஃப்டி-55ஜிஎஃப்ஆர் அவ்வகையில் நன்கு அறியப்பட்டது. இதில் 80 தடங்கள் உண்டு. நிமிடத்துக்கு 360 சுற்றுகள் சுழலும். 40 தடங்கள் கொண்ட 360 கிலோபைட் வட்டுகளையும் ஒன்றுவிட்டு ஒரு தடமாக நகர்ந்து இது படித்துவிடும். எழுதுவதற்கு மட்டும் இதை நம்பாதீர்கள். இதன் ஹெட் குறுகலானது. அது 360 கிலோபைட் வட்டில் எழுதும் தடமும் குறுகலாகவே இருக்கும் என்பதால், அதைப் பழைய 40 தட டிரைவில் போட்டால் பிழை வர வாய்ப்பு அதிகம். பழைய கணினியில் போடுவதற்காக வட்டு எழுத விரும்புபவர்கள் 360 கிலோபைட் டிரைவையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னுடைய டிரைவ் லோரோங் கூலிட் காலைச் சந்தையில், துருப்பிடித்த கணினிப் பெட்டி ஒன்றோடு சேர்த்து வாங்கியது. அத்தகைய இடத்தில் வாங்கும்போது முன்புற நெம்புகோலைத் திருப்பிப் பாருங்கள். அது தடையின்றிச் சுற்றி, ஹெட்டுகள் மெல்ல இறங்கி ஏறினால் டிரைவைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை கொள்ளலாம்.

பெட்டிக்கு என்ன அளவுகள்?

மேலே சொன்ன டீயாக் போன்ற அரை உயர டிரைவின் உடல் 146 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 41 மி.மீ. உயரமும் கொண்டது, நீளம் சுமார் 200 மி.மீ., ஆனால் இது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். உங்கள் கையிலுள்ள டிரைவை வெர்னியர் காலிப்பரால் அளந்த பிறகே தகட்டில் கோடு போடுங்கள்.

மூன்று இடங்களில் பலரும் தவறுகிறார்கள். முகப்பு பிளாஸ்டிக் உடலைவிட ஒவ்வொரு புறமும் சற்று அகலமானது. முகப்பின் அளவுக்குத் துளை வெட்டினால் உடலைச் சுற்றி இடைவெளி தெரியும், உடலின் அளவுக்கு வெட்டினால் டிரைவை முன்புறமிருந்துதான் நுழைக்க முடியும். இரண்டில் எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நான் முன்புறமிருந்து நுழைக்கும் முறையையே விரும்புகிறேன், ஏனெனில் சுத்தம் செய்வதற்காக டிரைவை அடிக்கடி வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அடுத்து, அடியில் சுழலும் தட்டுக்கும் பெட்டியின் தரைக்கும் இடையே குறைந்தது 5 மி.மீ. விட வேண்டும். மூன்றாவது, பின்புற இடம்: 34 முனை இணைப்பு, மின்சார இணைப்பு, யூஎஸ்பி பலகை, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் பலகை ஆகியவை மடங்காமல் உட்கார 100 மி.மீ. தேவைப்படுகிறது. என் முதல் பெட்டியில் 60 மி.மீ. விட்டேன், ரிப்பன் கேபிளை மடித்துத் திணித்ததில் ஒரு கம்பி முறிந்து, அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலை நேரங்கள் போயின.

பக்கவாட்டிலுள்ள துளைகளுக்கு எம்3 திருகாணி பொருந்தும். முன்துளைக்கும் பின்துளைக்கும் இடையே சுமார் 79 மி.மீ. இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போடும் சற்றுத் தடித்த திருகாணியை இங்கே முறுக்கினால் மரை அழிந்துவிடும். நீளமும் 5 மி.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். நீண்ட திருகாணி உள்ளே போய் இயங்கும் பாகத்தைத் தொடலாம்.

டிரைவிலேயே புதிதாகத் துளை போடலாமா?

கூடாது. உலோகத் துகள் ஒன்று உள்ளே விழுந்தாலும் ஹெட் வீணாகும். பெட்டி பிடிக்கவில்லையென்றால் வேறு செய்துகொள்ளலாம்; இந்த டிரைவ்களை இனி எவரும் செய்யப்போவதில்லை.

மரமா, பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

என் தேர்வு 1.5 மி.மீ. அலுமினியத் தகடு. ஹெட் எடுக்கும் சமிக்ஞை மில்லிவோல்ட் அளவில் இருப்பதால், உலோகப் பெட்டி சுற்றுப்புற இரைச்சலைத் தடுப்பது உண்மையான பயன். இரண்டு ‘ப’ வடிவத் துண்டுகளாக மடித்து, ஒன்றை அடியாகவும் மற்றொன்றை மூடியாகவும் வைத்தால் போதும். மடிக்கும் எந்திரம் இல்லாதவர்கள் தகரவேலைப் பட்டறையில் வரைபடம் கொடுத்து மடித்து வாங்கலாம்.

ஒட்டுப்பலகையிலும் நன்றாகச் செய்யலாம். ஆனால் விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசாவிட்டால் மழைக்காலத்தில் உப்பி, டிரைவை இறுக்கிக்கொள்ளும். முப்பரிமாண அச்சில் செய்பவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த பெட்டி நெளிந்துபோனதை நான் கண்டிருக்கிறேன். பிளாஸ்டிக்கோ மரமோ எதுவானாலும் உட்புறத்தில் செப்புத் தாள் ஒட்டி, அதை டிரைவின் உலோக உடலோடு இணைத்துவிடுங்கள்.

மின்சாரத்தை எப்படிக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெட்டி கோணலாக இருந்தால் மீண்டும் வெட்டலாம், மின்சாரத்தில் தவறினால் டிரைவும் போகும், உடம்புக்கும் ஆபத்து. 5.25 அங்குல டிரைவுக்கு இரண்டு மின்னழுத்தங்கள் வேண்டும்: மோட்டாருக்கு 12 வோல்ட், சில்லுகளுக்கு 5 வோல்ட். சாதாரண யூஎஸ்பி வாயிலிருந்து 12 வோல்ட் கிடைக்காது. எனவே வெளியிலிருந்து மின்சாரம் வந்தே ஆக வேண்டும்.

என் முதல் பெட்டியில் 230 வோல்ட் நேராக நுழையும் மின்வழங்கி ஒன்றை உள்ளேயே பொருத்தினேன். அது வேலை செய்தது. ஆனால் ஒருநாள் எர்த் முனை இல்லாத நீட்டிப்புக் கம்பியில் செருகிவிட்டு மூடியைத் தொட்டபோது விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் உணர்ந்தேன். அத்தகைய மின்வழங்கிகளில் இரைச்சலைக் குறைக்க வைக்கும் மின்தேக்கிகள் வழியாகச் சிறு மின்னோட்டம் உலோக உடலுக்கு வரும். எர்த் இருந்தால் அது அதன் வழியே போய்விடும், இல்லாவிட்டால் நம் விரலைத் தேடும். அதன்பிறகு 230 வோல்ட்டைப் பெட்டிக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். என் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது பயன்படுத்துவது, சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) முத்திரையுள்ள 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். அதன் கம்பி பெட்டியின் பின்புற வாயில் செருகப்படுகிறது. உள்ளே 2 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து ஒரு சுவிட்ச். அங்கிருந்து ஒரு கிளை நேராக டிரைவின் 12 வோல்ட் முனைக்கும், மற்றொரு கிளை 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் பலகைக்கும் போகிறது. திருகிச் சரிசெய்யும் வகைப் பலகையைவிட நிலையாக 5 வோல்ட் தருவதையே வாங்குங்கள். திருகும் வகைதான் கிடைக்கிறது என்றால், 5.0 வோல்ட்டில் நிறுத்தியபின் அந்தத் திருகின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து உறைய விடுங்கள். இந்த இறக்கும் பலகையைப் பெட்டியின் பின்மூலையில், ஹெட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். மோட்டார் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் திடீரென உயரும் என்பதால், டிரைவின் அருகே 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்றை வைப்பது நல்லது.

டிரைவின் நான்கு முனைச் செருகியில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவிலுள்ள இரண்டு கறுப்பும் கிரவுண்ட். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் சில்லுகள் அந்தக் கணமே கருகும். நிறத்தை நம்பாமல், டிரைவை இணைப்பதற்கு முன் செருகியை வெறுமனே வைத்து மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 5 வோல்ட் முனையில் 4.75க்கும் 5.25க்கும் இடையே இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு முறை பெட்டியைத் திறந்து மூடும்போதும் இதை அளக்கிறேன்.

தரவுக் கேபிளை எப்படி இணைப்பது?

34 கம்பிகள் கொண்ட தட்டையான ரிப்பன் கேபிள் வேண்டும். ஒருமுனையில் பலகைக்கான ஊசிமுனைச் செருகி. மறுமுனையில், பலகையின் விளிம்பைக் கவ்வும் பழைய வகைச் செருகி. இந்த இரண்டாவது வகையைத்தான் தேடி அலைய வேண்டியிருக்கும். டிரைவின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அது இருக்கும் பக்கமே முதல் முனை. கேபிளில் சிவப்புக் கோடு போட்ட கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். செருகியைக் கேபிளில் பொருத்தும்போது சுத்தியால் தட்டாமல், மேசைக் கவ்வியில் வைத்துச் சீராக அழுத்தினால் எல்லாக் கம்பிகளும் ஒரே ஆழத்தில் இறங்கும். பலகை பெட்டிக்குள்ளேயே இருப்பதால் 20 மி.மீ. தளர்வு விட்டு எவ்வளவு குட்டையாக வெட்டலாமோ வெட்டுங்கள்.

டிரைவின் அடியில் டிஎஸ்0, டிஎஸ்1 என்று குறித்த ஜம்பர்கள் (டிரைவின் எண்ணைத் தீர்மானிக்கும் சிறு இணைப்பிகள்) உண்டு. ஐபிஎம் வகைக் கணினிகளிலிருந்து வந்த டிரைவ் பெரும்பாலும் டிஎஸ்1இல் இருக்கும். அதை மாற்றாமல், கணினி மென்பொருளில் அதற்குரிய டிரைவைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதே எளிது.

மின்சாரம் கொடுத்த உடனே முன்விளக்கு எரிகிறது, அணையவே இல்லை. டிரைவ் கெட்டுவிட்டதா?

இல்லை. கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, திருப்பிப் போடுங்கள். உள்ளே வட்டு இருக்கும்போது இதைச் சோதிக்க வேண்டாம். பொதுவாகவே மின்சாரத்தைப் போடும்போதும் நிறுத்தும்போதும் வட்டு வெளியே இருக்கட்டும்.

விசிறி வேண்டுமா?

வேண்டாம். ஃபிளாப்பி டிரைவ் அவ்வளவு சூடாவதில்லை. விசிறி தூசியைத்தான் ஹெட்டின்மேல் இழுத்துவரும். பின்புறத்தில் நான்கைந்து சிறு துளைகள் போதும்.

டிரைவ் சரியான வேகத்தில் சுழல்கிறதா என்று எப்படி அறிவது?

யூஎஸ்பி பலகையின் மென்பொருளே அளந்து சொல்லும். நிமிடத்துக்கு 300 சுற்றுகள் சுழலும் 360 கிலோபைட் டிரைவில் ஒரு சுற்றுக்கு 200 மில்லிவினாடி, 360 சுற்று டிரைவில் ஏறத்தாழ 166.7 மில்லிவினாடி வர வேண்டும். பழைய 300 சுற்று டிரைவ்கள் சிலவற்றின் சுழல் தட்டில் இரண்டு வட்டமாகக் கறுப்புக் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்கும். தட்டு வினாடிக்கு 5 முறை சுழலும். ஆகவே 20 கோடுகள் உள்ள வட்டம் அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். 24 கோடுகள் உள்ள மற்றது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது. எல்இடி விளக்கில் இந்தச் சோதனை பெரும்பாலும் பலிக்காது. என் வீட்டுச் சமையலறைக் குழல்விளக்கை நான் இன்னும் மாற்றாமல் வைத்திருப்பது இதற்காகவே.

ஹெட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எப்படித் துடைப்பது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் ஓர் அக்கா. பினாங்கில் சீகேட், கோனர், ரீட்-ரைட் போன்ற நிறுவனங்களின் ஆலைகளில் நம்மவர்கள் பலர் வேலை செய்திருக்கிறார்கள். அந்த அக்காவும் அப்படியொரு ஆலையில் பல ஆண்டுகள் நுண்ணோக்கிக்குக் கீழே ஹெட் பார்த்தவர். நான் மேல் ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கப் போனபோது, “தம்பி, கை வைக்காதே” என்று மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். மேல் ஹெட் காகிதம்போல் மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் தொங்குகிறது. ஒருமுறை வளைந்தால் மீளாது. குச்சியைப் படுக்கவைத்து, ஒரே திசையில், அழுத்தாமல் இரண்டு முறை இழுத்துவிட்டு, உடனே புதிய குச்சியை எடுத்தார். பழைய குச்சியின் நுனியில் செம்பழுப்பாக ஒரு கறை இருந்தது. வட்டிலிருந்து உதிர்ந்த காந்தப்பூச்சு அது.

வட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, போடலாமா?

போடாதீர்கள். அது பூஞ்சை. ஒரு வட்டைப் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த வட்டையும் கீறிவிடும். உறையின் ஒரு விளிம்பைக் கவனமாக வெட்டி, உள்ளிருக்கும் வட்டை எடுத்து, வாலைவடிநீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து மெதுவாக அலசி, நிழலில் முழுவதும் உலர்த்தி, வேறொரு சுத்தமான உறையில் போட்டுப் படிக்கலாம். அந்தப் பதினொன்றில் மூன்று வட்டுகளை இப்படித்தான் மீட்டேன். படிக்கும் முன், வட்டின் பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள். அதன்பின் டிரைவால் அதில் எழுத முடியாது.

கோப்பு கிடைத்துவிட்டது, ஆனால் தமிழாகத் தெரியவில்லையே?

அக்காலத் தமிழ்க் கோப்புகள் யூனிகோடில் இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு வரிசையை வைத்திருந்தது. அதனால் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குவிந்திருக்கும். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று தட்டச்சு செய்தவரிடமே கேளுங்கள். தெரிந்துவிட்டால் குறியீடு மாற்றும் கருவிகளில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கலாம். தெரியாவிட்டாலும் ‘தமிழ்’, ‘பள்ளி’ போன்ற அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டு ஊகிக்க முடியும். எப்படியானாலும் மூலப் பதிவை அழிக்காமல் இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே பெட்டி ஆகுமா?

பெட்டி ஆகும், உள்ளே இருப்பவை ஆகா. சீகேட் எஸ்டி-225 போன்ற 20 மெகாபைட் டிஸ்க்குக்கு 34 முனைக் கேபிளோடு 20 முனைக் கேபிள் ஒன்றும் வேண்டும். அதைப் படிக்கும் பலகையும் வேறு. தொடங்கும்போது அது இழுக்கும் 12 வோல்ட் மின்னோட்டமும் அதிகம், அதற்கு விசிறியும் தேவை. அதைத் தனி வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருள்கள் எங்கே கிடைக்கும்?

அடாப்டர், ஃபியூஸ், ரப்பர் பாதம், எம்3 திருகாணி ஆகியவை எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். விளிம்பைக் கவ்வும் 34 முனைச் செருகியை, வேறு வேலையாகக் கோலாலம்பூர் போயிருந்தபோது ஜாலான் பசாரிலுள்ள மின்னணுப் பாகக் கடைகளில் ஏறி இறங்கித்தான் வாங்கினேன்; போகிறவர்கள் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி பலகையை இணையத்தில் வரவழைக்க வேண்டும்.

பயன்படுத்தாத நாள்களில் பெட்டியை எப்படி வைப்பது?

டிரைவை வாங்கும்போது வாயில் செருகியிருந்த அட்டை கிடைத்திருந்தால் அதையே மீண்டும் செருகுங்கள். இல்லாவிட்டால் கெட்டுப்போன வட்டு ஒன்றைப் போட்டு நெம்புகோலை மூடுங்கள். தூக்கிச் செல்லும்போது இரண்டு ஹெட்டுகளும் ஒன்றோடொன்று மோதாமல் இது காக்கும். பெட்டியைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பைகளின் மணிகள் நிறம் மாறியதும் புதியவற்றைப் போடுங்கள். வட்டுகளையும் அதே டப்பாவில், படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள்.